பாலை இலையில் டீ.என்.ஏ. எடுப்பது: வன்னி ஆய்வுகூடங்களுக்குப் புதிதாக வருவோருக்கு

வாழைக்காயை வெட்டி வெளியில் வைத்தால் கறுத்துப்போகும் என்பது சமையல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் வெட்ட வெட்டத் தண்ணீருக்குள் போடுகிறோம். கொஞ்சம் மோரும் விட்டால் இன்னும் நல்லது என்பார் அம்மம்மா. பாலை மரத்து இலையிலிருந்து டீ.என்.ஏ. பிரிக்கப் போகிறவருக்கு வேண்டிய இரசாயனவியலில் பாதி அந்தச் சட்டிக்குள் கிடக்கிறது. மற்றப் பாதி, வெண்டிக்காய் நறுக்கும்போது விரலில் ஒட்டுகிற வழுவழுப்பு.

இறுதியாண்டு ஆய்வுக்கென்று முதன்முதலாக மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துக்குள் கால் வைக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்தாலும் சரி, வவுனியா பம்பைமடுவில் விஞ்ஞானம் படித்தாலும் சரி, கையில் தரப்படும் செய்முறைத் தாள் ஏறத்தாழ ஒன்றுதான்: சீ.ரி.ஏ.பி. என்ற சவர்க்காரத்தால் கலத்தை உடைத்து டீ.என்.ஏ. பிரிக்கிற சீ.ரி.ஏ.பி. முறை. 1980களில் வடிவம் பெற்ற முறை, இன்னும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. தாளில் பிழை இல்லை. பிழை என்னவென்றால், அந்தத் தாளைப் பார்த்து முருங்கை இலையில் வெற்றி கண்டுவிட்டு, அடுத்த நாள் அதே தாளோடு பாலையிலோ நாவலிலோ மருதிலோ கை வைப்பது. மே தொடங்கி செப்ரெம்பர் வரை நல்ல மழை ஒன்றைக் காணாமல் நிற்கிற மரங்கள் இவை. தோல் தடித்து, துவர்ப்பு ஏற்றி, பால் வைத்து, பசை வைத்துத் தங்களைக் காத்துக்கொண்ட இலைகள். மாட்டையும் புழுவையும் விரட்டிய அந்தக் காவல் முழுவதும் உங்கள் குழாய்க்குள்ளும் வந்து நிற்கும்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், காரணங்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. பனை ஆணா பெண்ணா என்று பாளை விடும்வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல், வெளித்தோற்றத்தில் தெரியாது. மொட்டைக்கறுப்பன் என்று தந்த விதைநெல் மொட்டைக்கறுப்பன்தானா என்ற சந்தேகம் வரும். காட்டில் பூவும் காயும் இல்லாத காலத்தில் ஒரு மரத்தை இன்னதென்று உறுதிப்படுத்த வேண்டி வரும். எல்லாவற்றுக்கும் முதற்படி, சுத்தமான டீ.என்.ஏ. கொஞ்சம்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் பதியுங்கள். இந்த வேலை முழுக்க டீ.என்.ஏ.யைப் பிடிப்பதல்ல, மற்றதையெல்லாம் கழற்றி விடுவது. ஒவ்வொரு படியிலும் எதையோ ஊற்றப் போகிறீர்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: “இப்ப டீ.என்.ஏ. எங்க நிக்குது?” பதில் தெரியாவிட்டால் ஊற்ற வேண்டாம். என்னுடைய முதல் நாள், குளோரோபோம் படி முடிந்ததும் மேலே தெளிந்து நின்றதை வெறும் தண்ணீர் என்று நினைத்து ஊற்றிவிட்டு, கீழே நின்ற பச்சையைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். பச்சைதானே இலை என்ற கணக்கு. எட்டுக் குழாய்கள், ஒரு முழு நாள்.

இலை பறிக்கிற இடத்தில்

துப்புரவு மரத்தடியிலேயே தொடங்குகிறது. முற்றிய இலையில் துவர்ப்பும் நாரும் கூட. மாரி மழைக்குப் பின் விடுகிற துளிரில், நிறம் பச்சைக்கு மாறி இன்னும் தடிக்காத இலைதான் வேண்டியது. தூசியும் புழு முட்டையும் பூஞ்சணமும் இல்லாத இலையாகப் பாருங்கள். பூஞ்சணத்துக்கும் டீ.என்.ஏ. உண்டு, அதுவும் சேர்ந்து வரும். 70 வீத எதனோல் நனைத்த பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள்.

ஒதுக்கக் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி முதலில். சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களம். கண்ணிவெடி அகற்றாத இடத்துச் சிவப்பு மண்டையோட்டுப் பலகையை விளக்கத் தேவையில்லை. ஆனால் வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு: பலகை இல்லை என்பதை வைத்து இறங்காதீர்கள். ஊர்க்காரர் நடக்கிற ஒற்றையடிப் பாதையை விட்டு இலைக்காக ஓர் அடியும் வைக்காதீர்கள். வீதியோரத்துப் பாலையிலும் அதே டீ.என்.ஏ.தான்.

பறித்த இலையைப் பொலித்தீன் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவது எல்லாரும் செய்கிற பிழை. ஏ9 வீதி வெக்கையில் மாங்குளம் தாண்டுவதற்குள் இலை தன் ஈரத்திலேயே வெந்துவிடும். செத்துக்கொண்டிருக்கிற கலத்தில் நொதியங்கள் டீ.என்.ஏ.யை நறுக்கத் தொடங்கும். வெயிலில் காயவைப்பதும் சரிவராது, மெல்லக் காய்கிற இலை மெல்லக் கறுக்கும். வழி சிலிக்கா ஜெல். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அதுதான், இங்கே கிலோக் கணக்கில் வாங்குவோம். இலையின் நிறையைப்போல் குறைந்தது பத்து மடங்கு சிலிக்கா. இலையைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, தேயிலைப் பைக் கடதாசியிலோ வடிதாளிலோ மடித்து, மூடி இறுக்கமான போத்தலுக்குள் சிலிக்காவோடு புதையுங்கள். ஒரு நாளுக்குள் இலை அப்பளம்போல் நொறுங்க வேண்டும். நொறுங்காமல் மடிந்தால் சிலிக்கா ஈரத்தால் நிறைந்துவிட்டது, மாற்றுங்கள். நீலச் சிலிக்கா ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். 120 பாகை அடுப்பில் சில மணித்தியாலம் வைத்தால் திரும்ப நீலமாகி அடுத்த பயணத்துக்கு வரும். அந்த நீலம் கோபால்ற்று உப்பு, நச்சு. வெறுங்கையால் அள்ளாதீர்கள், பழைய ஜாம் போத்தலில் போட்டுச் சமையலறைத் தட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

காய்ந்த இலையில் இன்னொரு நன்மை: திரவ நைதரசன் வேண்டியதில்லை. இதைப் பற்றிப் பின்னர்.

எழுதுவதைப் பற்றி ஒரு சொல். குழாயில் மாக்கர் பேனையால் எழுதினால் எதனோல் ஒரு துளி பட்டதும் பெயர் அழியும், குளோரோபோம் பட்டால் இன்னும் வேகமாக. மூடியில் ஓர் இலக்கம், பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒட்டுத்தாள், கொப்பியில் அதே இலக்கத்துக்கு எதிரே மரம், இடம், திகதி. மூன்றும் வேண்டும்.

கரைசல் கலப்பது

நூறு மில்லிலீற்றருக்கு: சீ.ரி.ஏ.பி. 2 கிராம், சோடியம் குளோரைட்டு 8.2 கிராம், பீ.எச். 8 ஆக்கிய 1 மோலர் திரிஸ் (பீ.எச். மாறாமல் பிடித்து வைத்திருக்கிற தாங்கல்) 10 மில்லிலீற்றர், பீ.எச். 8 ஆக்கிய 0.5 மோலர் ஈ.டீ.ரி.ஏ. 4 மில்லிலீற்றர், பீ.வீ.பீ. 2 கிராம். மீதிக்கு அயன் நீக்கிய நீர். முருங்கைக்கும் நெல்லுக்கும் பீ.வீ.பீ. 1 கிராம் போதும், துவர்க்கிற இலைக்குக் கை நீட்டிப் போடுங்கள்.

ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரியாமல் நிறுப்பதால்தான் பிழை வருகிறது. சீ.ரி.ஏ.பி. ஒரு வகைச் சவர்க்காரம், நேரேற்றம் கொண்டது. கலமென்சவ்வைக் குலைத்து உள்ளே இருப்பதை வெளியே விடும். டீ.என்.ஏ. மறையேற்றம் கொண்டது, ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உப்புக் குறைந்தால் (ஏறத்தாழ 0.7 மோலருக்குக் கீழே) ஒட்டியபடியே வீழ்படிவாகிவிடும். உப்புக் கூடிய 1.4 மோலரில் டீ.என்.ஏ. கரைசலிலேயே நிற்க, புரதமும் பல்சக்கரைட்டில், அதாவது இலையின் பசையில், ஒரு பகுதியும் சீ.ரி.ஏ.பி.யோடு சேர்ந்து பிறகு குளோரோபோம் பக்கம் போய்விடும். உப்பை நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பவரோடு கதைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்.

ஈ.டீ.ரி.ஏ. மகனீசியம், கல்சியம் அயன்களைக் கவ்விப் பிடிக்கும். டீ.என்.ஏ.யை நறுக்குகிற நொதியங்களுக்கு மகனீசியம் இல்லாமல் வேலை ஓடாது. இங்கேதான் எங்கள் தண்ணீர் குறுக்கே வருகிறது. வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் எவ்வளவு வன்மையானது என்பதைக் கேத்திலின் அடியில் படிந்த வெள்ளை சொல்லும். அந்த வெள்ளை கல்சியமும் மகனீசியமும்தான். “ஒரு நாளைக்குத்தானே” என்று குழாய்த் தண்ணீரில் கரைசல் கலந்தால், நீங்கள் போட்ட ஈ.டீ.ரி.ஏ.யில் ஒரு பங்கு இலையைக் காணும் முன்பே கிணற்றுக் கல்சியத்தைக் கவ்விக்கொண்டு சும்மா இருக்கும். கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவும்போதும் கடைசி இரண்டு அலசலும் அயன் நீக்கிய நீரில்.

பீ.எச். சரியில்லாமல் ஈ.டீ.ரி.ஏ. கரையாது. தூள் அடியில் கிடந்து கலங்கிக்கொண்டே இருக்கும், சோடியம் ஐதரொட்சைட்டு சேர்த்து 8 ஐ நெருங்கும்போது தானாகத் தெளியும். புதியவர்கள் இதைப் பார்த்துத் தூள் பழுதென்று இரண்டாவது போத்தல் உடைப்பதுண்டு.

பீ.வீ.பீ.தான் வாழைக்காய்ச் சட்டியின் கதை. துவர்ப்பைத் தரும் பீனோல் சேர்மங்கள் கலத்தினுள் தனியறையில் இருக்கும். இலையை இடித்ததும் அறை உடைந்து, காற்றிலுள்ள ஒட்சிசனும் நொதியமும் சேர்ந்து அவற்றைக் கபில நிறப் பொருளாக மாற்றும். அது டீ.என்.ஏ.யோடு ஒட்டினால் பிறகு கழுவிக் கழற்ற முடியாது. மண்ணிறமான டீ.என்.ஏ. வந்தால் சுத்திகரிக்க முயலாமல் புது இலையில் தொடங்குவதே லாபம். பீ.வீ.பீ. பீனோல்களை ஒட்டிக்கொண்டு ஒதுக்கும். மேர்கப்ரோ எதனோல் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும். இது வேலை தொடங்குகிற அன்று மட்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 2 மைக்கிரோலீற்றர், பாலை போன்றவற்றுக்கு 10 வரை. அதன் நாற்றம் அழுகிய முட்டைக்கும் மேலே. புகை உறிஞ்சும் அலுமாரிக்குள் மட்டும் திறவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அறைக்காரர் உங்களை மன்னிக்க மாட்டார். நஞ்சும்தான்.

கலந்த கரைசலை பிறிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் சீ.ரி.ஏ.பி. பளிங்காகி அடியில் இறங்கும். எங்கள் ஊர் வெக்கை உதவுகிற ஒரே இடம் இதுதான். மேசையிலேயே நிற்கட்டும்.

இடிப்பது, கழுவுவது

காய்ந்த இலை 20 மில்லிகிராம் போதும். பெருவிரல் நகமளவு ஒரு துண்டு. கூட இட்டால் கூட வரும் என்பது தேங்காய்ப் பாலுக்குச் சரி, இங்கே சரியில்லை. இலை கூடினால் பசையும் துவர்ப்பும்தான் கூடும், கரைசல் அவற்றைச் சுமக்க மாட்டாமல் திணறும்.

திரவ நைதரசன் இருக்கும் இடத்தில் அதை ஊற்றி, இலையை உறையவைத்து இடிப்பார்கள். இல்லாத இடத்தில், சிலிக்காவில் காய்ந்த இலையைச் சுத்தமாகக் கழுவிச் சுட்ட ஒரு சிட்டிகை மணலோடு சின்ன உரலில் உலர்வாகவே இடியுங்கள். மாவாக வேண்டும், நார் தெரியக் கூடாது. இடிக்கிறதில் சோம்பல் பட்டவருக்குப் பின்னால் எந்த இரசாயனமும் கை கொடுக்காது. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையில் உரலையும் குழவியையும் கழுவி, எதனோலால் துடைத்து, காயவிடுங்கள்.

மாவை 1.5 மில்லிலீற்றர் குழாய்க்குள் போடுங்கள். எப்பன்டோர்ப் குழாய் என்பார்கள். பெயருக்கேற்ப எப்பன்தான் கொள்ளும்.

பசை இலை என்றால் இங்கே ஒரு கூடுதல் படி. செவ்வரத்தை, வெண்டி, பசளி, விரலில் பிசுபிசுக்கிற எந்த இலையும் இதில் அடக்கம். நான் இப்போது பாலைக்கும் செய்கிறேன். சோர்பிற்றோல் 0.35 மோலர், திரிஸ் 0.1 மோலர், ஈ.டீ.ரி.ஏ. 5 மில்லிமோலர், பீ.வீ.பீ. 1 வீதம், இதில் 1 மில்லிலீற்றர் விட்டு, குலுக்கி, மையநீக்கியில் ஐந்து நிமிடம் சுற்றி, மேலே நிற்பதை ஊற்றிவிடுங்கள்.

ஊற்றலாமா? டீ.என்.ஏ. எங்கே? சோர்பிற்றோல் ஒரு சீனி வகை, சவர்க்காரம் இல்லை. கரு உடையாது. டீ.என்.ஏ. இன்னும் கருவுக்குள், கரு அடியில் கிடக்கிற மாவுக்குள். பசையும் பீனோலும் மட்டும் நீரோடு போகும். ஆகவே தயக்கமின்றி ஊற்றலாம். மேல்நீர் கொழகொழவென்று இருந்தால் இன்னொரு தரம், பிறகும் இருந்தால் மூன்றாவது தரம். தாளில் இல்லாத இந்தப் படியைச் சேர்த்த பிறகுதான் எனக்குப் பாலை இலை பணிந்தது. பத்து நிமிட வேலை. இதைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் இரண்டு நாள் செலவழித்தவர்களில் நானும் ஒருவன்.

மையநீக்கி பற்றி இரண்டு விடயம். எதிரெதிரே ஒரே நிறையுள்ள குழாய் வைக்காமல் ஓட்டாதீர்கள். செய்முறையில் ஈர்ப்பு மடங்கு எழுதியிருக்கும், பொறியில் நிமிடச் சுற்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றல்ல. ஆரை 8 சென்ரிமீற்றர் உள்ள பொறியில் 12,000 சுற்று என்பது ஏறத்தாழ 12,900 மடங்கு. ஆரை மாறினால் இதுவும் மாறும்.

சூடும் குளோரோபோமும்

கழுவிய மாவுக்கு, 65 பாகைக்குச் சூடாக்கிய சீ.ரி.ஏ.பி. கரைசல் 600 மைக்கிரோலீற்றர். தண்ணீர்த் தொட்டியில் 65 பாகையில் 45 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைத் தலைகீழாக்கித் திருப்புங்கள். இந்த நேரத்தில் கரண்ட் போனால் பதறத் தேவையில்லை. மூடிய தொட்டி அரை மணித்தியாலம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், சுடுநீர்ப் போத்தல் ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நிம்மதி. சூடாக்கும் நேரம் ஒரு மணித்தியாலமானாலும் கெடாது.

இப்போது டீ.என்.ஏ. வெளியே வந்துவிட்டது. நீண்ட, மெல்லிய நூல். இதற்குப் பிறகு வேகமாகக் குலுக்கக் கூடாது, அதிர்வுக் கருவியில் வைக்கவே கூடாது. குழாயியின் (பிப்பெற்றின்) நுனியைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டி வாயை அகலமாக்குங்கள். ஒடுங்கிய துவாரத்தால் இழுத்தால் நூல் அறும்.

ஆறியதும், குளோரோபோமும் ஐசோஅமைல் அற்ககோலும் 24க்கு 1 என்ற விகிதத்தில் கலந்தது 600 மைக்கிரோலீற்றர். ஐசோஅமைல் நுரையை அடக்கும். பொலிபுரொப்பிலீன் குழாய்தானா என்று உறுதி செய்யுங்கள். தெளிந்த கண்ணாடி போலிருக்கும் பொலிஸ்ரைரீன் குழாயைக் குளோரோபோம் கரைத்துவிடும், றிஜிபோம் பெட்டியில் சிந்தினாலும் ஓட்டை விழும். சாதாரண நைத்திரைல் கையுறைக்குள்ளும் சில நிமிடத்தில் ஊடுருவும், ஆகவே பட்டவுடன் கழற்றி மாற்றுங்கள். வேலை முழுவதும் புகை அலுமாரிக்குள்.

ஐந்து நிமிடம் தாலாட்டுவதுபோல் மேலும் கீழுமாகத் திருப்பி, பத்து நிமிடம் சுற்றுங்கள். வெளியே எடுத்தால் மூன்று அடுக்கு. கீழே பச்சை: குளோரோபோம், அதில் கரைந்த பச்சையமும் கொழுப்பும். நடுவில் வெள்ளைத் தோல்போல் ஒன்று: குலைந்த புரதம். மேலே தெளிந்த நீர். டீ.என்.ஏ. அந்தத் தெளிவுக்குள். நான் ஊற்றியது இதைத்தான்.

1869 இல் சுவிற்சர்லாந்துக்காரரான பிரெடெரிக் மீஷர், ஜேர்மனியின் ரூபிங்கனில், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் ஊறிய சீழிலிருந்து கலக்கருவைப் பிரித்து இந்தப் பொருளை முதன்முதலாகக் கண்டபோது, அவரை அலைக்கழித்ததும் இந்தப் புரதம்தான். பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினைக் கொண்டு அதைச் செரிக்க வைத்து விலக்கினார். எங்களுக்குக் குளோரோபோம் பத்து நிமிடத்தில் செய்து தருகிறது.

மேல்நீரை எடுக்கும்போது பேராசை வேண்டாம். 600 இல் 450 எடுத்தால் போதும். கடைசி 50 மைக்கிரோலீற்றருக்காக நுனியைத் தாழ்த்தினால் வெள்ளைத் தோல் இழுபட்டு வரும், செய்த வேலை திரும்பக் கலங்கும். எடுத்த நீர் தெளிவாக இல்லாவிட்டால் குளோரோபோம் இன்னொரு தரம். பாலைக்கும் நாவலுக்கும் நான் கேட்காமலே இரண்டு தரம் செய்வேன்.

பாவித்த குளோரோபோமை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள். பரந்த நிலத்தடி நீரை நம்பி வாழ்கிற ஊர் இது. ஆய்வுகூடத்துக் குழாயின் மறுமுனை ஏதோவொரு கிணற்று ஊற்றுக்குக் கிட்டத்தான் இருக்கும். பெயரெழுதிய கண்ணாடிப் போத்தலில் சேர்த்து, பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள்.

நூல் தெரிகிற இடம்

முருங்கை போன்ற இலகுவான இலை என்றால், மேல்நீரின் அளவில் 0.7 பங்கு ஐசோபுரொப்பனோல் சேர்த்து மெல்லத் திருப்புங்கள். அற்ககோல் நீரைப் பிடுங்கிக்கொள்ள, டீ.என்.ஏ. கரைந்து நிற்க வழியில்லாமல் வெளியே வரும். சிலவேளை சிலந்தி நூல்போல் கண்ணுக்கே தெரியும். முதல் தரம் அதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் பக்கத்தில் போய் நிற்பதுண்டு.

பசை இலையில் இதே படி ஏமாற்றும். நூல் இராது, சளிபோல் பெரிய வெள்ளைக் கட்டி வரும். நிறைய டீ.என்.ஏ. என்று மகிழ்வீர்கள். அது பல்சக்கரைட்டு. அதற்கு வழி உப்பு: 400 மைக்கிரோலீற்றர் மேல்நீருக்கு 5 மோலர் சோடியம் குளோரைட்டு 200, அதன் பிறகு எதனோல் 800. இவ்வளவு உப்பில் பல்சக்கரைட்டு கரைசலிலேயே தங்க, டீ.என்.ஏ. மட்டும் இறங்கும்.

ஒரு மணித்தியாலம், சிலர் இரவு முழுக்க, உறைபெட்டியில் வைப்பார்கள். இலை போதுமானதாக இருந்தால் அறை வெப்பநிலையில் கால் மணித்தியாலமே போதும். குளிரக் குளிர உப்பும் பசையும் சேர்ந்து இறங்குகிற ஆபத்துக் கூட. கரண்ட் நம்பமுடியாத இடத்தில் இது நல்ல செய்தி.

பத்து நிமிடம் சுற்றி, மேலிருப்பதை ஊற்றுங்கள். டீ.என்.ஏ. எங்கே? அடியில், வெளிப்பக்கச் சுவரில், சிலவேளை கண்ணுக்குத் தெரியாமல். குழாயின் பிணைச்சல் எப்போதும் வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்தால் எங்கே தேடுவதென்று தெரியும். 70 வீத எதனோல் 500 மைக்கிரோலீற்றரால் கழுவி மீண்டும் சுற்றி ஊற்றுங்கள். உப்பு வழியில் போனவர்கள் இரண்டு தரம் கழுவ வேண்டும். கழுவும்போது படிவு சுவரை விட்டுக் கழன்று மிதக்கும், ஊற்றுகிற கையோடு அதுவும் போகும். ஊற்றாமல் குழாயியால் உறிஞ்சி எடுப்பது பாதுகாப்பு.

எதனோல் மணம் போகும்வரை மூடியைத் திறந்து, தூசி விழாமல் ஒரு கடதாசியால் மூடிக் காயவிடுங்கள். விசிறிக் காற்றுக்குக் கீழே வேண்டாம். எதனோல் எஞ்சினால் அடுத்த வேலைகள் குழம்பும், அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் கரையாது. ஓரம் தெளிவாகத் தொடங்கும்போது 50 மைக்கிரோலீற்றர் திரிஸ், ஈ.டீ.ரி.ஏ. கரைசல் விடுங்கள். இங்கே ஈ.டீ.ரி.ஏ. 0.1 மில்லிமோலர் போதும். கூட இருந்தால், அடுத்துச் செய்யப்போகிற பீ.சீ.ஆர். வேலையில் டீ.என்.ஏ.யைப் பிரதியெடுத்துப் பெருக்குகிற நொதியத்துக்கு வேண்டிய மகனீசியத்தையும் கவ்விவிடும். ஆர்.என்.ஏ.யை அழிக்கிற ஆர்.என்.ஏஸ் நொதியம் 1 மைக்கிரோலீற்றர் சேர்த்து 37 பாகையில் அரை மணித்தியாலம். ஏப்ரலில் அறையே அந்தச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும் என்பது வேறு கதை.

வந்தது என்ன என்று பார்ப்பது

ஒளியுறிஞ்சல் மானியில் 260 நனோமீற்றரில் வாசிப்பு 1 என்றால் மில்லிலீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் இரட்டை இழை டீ.என்.ஏ. பத்து மடங்கு ஐதாக்கி 0.2 வாசித்தால், 0.2 ஐ 50 ஆலும் 10 ஆலும் பெருக்க 100. 260க்கும் 280க்கும் உள்ள விகிதம் 1.8 ஐ ஒட்டி வரவேண்டும். குறைந்தால் புரதமோ பீனோலோ எஞ்சியிருக்கிறது, 2 க்குக் கிட்டப் போனால் ஆர்.என்.ஏ. இருக்கக் கூடும். எல்லாரும் இந்த இலக்கத்தை மட்டும் அறிக்கையில் எழுதுகிறார்கள். எங்கள் இலைகளுக்கு இதைவிட முக்கியமானது 260க்கும் 230க்கும் உள்ள விகிதம். 2 க்கு மேல் நல்லது. 1 க்குக் கீழே என்றால் பசையோ பீனோலோ உப்போ உள்ளே நிற்கிறது.

ஆனால் மானி நிறம் பார்க்காது. 260 இல் உறிஞ்சுகிற எதையும் டீ.என்.ஏ. என்று எண்ணிவிடும், பீனோலையும் சேர்த்து. 900 என்று காட்டிய குழாயில் ஒன்றுமே இல்லாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஆகவே 0.8 வீத அகரோசுக் கூழில் 5 மைக்கிரோலீற்றர் விட்டு, மின்னோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். மேலே ஒற்றை இறுக்கமான பட்டை வந்தால் நல்ல டீ.என்.ஏ. மேலிருந்து கீழே இழுபட்ட புகை என்றால் நறுங்கியது, இலை காய்ந்த விதத்தையும் குலுக்கிய விதத்தையும் யோசியுங்கள். கூழில் டீ.என்.ஏ. விட்ட குழியின் வாயிலேயே ஒளிர்ந்துகொண்டு நகர மறுப்பது பசையோடு சிக்கியது. அடியில் மங்கலான முகில் ஆர்.என்.ஏ.

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு குழாய் கூடுதலாக வையுங்கள். ஒன்றில் முருங்கையோ நெல்லோ, மற்றதில் இலையே இல்லை. முருங்கையில் வந்து பாலையில் வராவிட்டால் கரைசல் சரி, பிரச்சினை பாலையில். முருங்கையிலும் வராவிட்டால் கரைசலைப் பாருங்கள். இலையில்லாக் குழாயில் பின்னால் பீ.சீ.ஆர். பட்டை தெரிந்தால் எங்கேயோ கலப்பு. இந்த இரண்டு குழாயை மிச்சம் பிடித்தவர்கள் கடைசியில் எங்கே பிழைத்ததென்று ஊகித்துக்கொண்டே இருப்பார்கள்.

பீ.சீ.ஆர். வேலை செய்யாவிட்டால் புதியவர் செய்வது டீ.என்.ஏ.யைக் கூட்டுவது. நேர்மாறாகச் செய்யுங்கள். பத்து மடங்கு, ஐம்பது மடங்கு ஐதாக்கி இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். தடுக்கிற அழுக்கும் சேர்ந்து ஐதாகும், டீ.என்.ஏ. ஐதானாலும் பீ.சீ.ஆர். அதைப் பெருக்கிக்கொள்ளும். மாட்டுச் சீரத்து அல்புமின் கொஞ்சம் சேர்த்தால் எஞ்சிய பீனோலை அது இழுத்து வைத்துக்கொள்ளும்.

கிடைத்ததை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று நாளாந்த வேலைக்கு 4 பாகையில், கிழமைக்கணக்கில் நிற்கும். மற்றது மறை 20 பாகையில். உறைவதும் உருகுவதுமாக இருந்தால் நூல் அறும், ஆகவே கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் உறைபெட்டிக்குள் ஒரு றிஜிபோம் பெட்டி, அதற்குள் ஐஸ் பக்கற்றுகள், நடுவில் குழாய்கள். முடிந்தால் வேறு கட்டடத்து உறைபெட்டி. யாரும் மதியச் சாப்பாடு வைக்காத பெட்டியாகப் பாருங்கள், அவர்களுக்காகவும் உங்களுக்காகவும்.